மழலையர் பள்ளி தொடங்கும் உனக்கு

கண்ணு,

மழலையர் பள்ளி தொடங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டாய். வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டாய். சுவரில் எந்த மூலையில் யானை, எந்த மூலையில் மயில் என்பதுகூட முடிவாகிவிட்டது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்திய காலத்திலிருந்தே நம் பக்கத்தில் அதற்குப் படிப்பும் உண்டு, ஆளும் உண்டு. ஆனால் பாட்டும் கதையும் அருமையாக நடந்த பள்ளிகள், நிர்வாகம் சறுக்கி மூடிப்போனதை என் காலத்தில் நிறையவே பார்த்துவிட்டேன். ஆகவே பள்ளியை நிலைக்க வைப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பொறுமையாகக் கேள்.

1. பிள்ளைக்குப் பதிலாக நீ கேள்.
மூன்று வயதுப் பிள்ளைக்குப் புகார் எழுதத் தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டும் யாரும் தரவில்லை, நனைந்த துணியோடு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன் என்று வீட்டில் கோவையாகச் சொல்லவும் வராது. பெற்றோர் பார்ப்பது காலையில் வாசல், மாலையில் வாசல். இடையிலுள்ள நேரத்துக்கு நீங்கள் மட்டுமே சாட்சி. அதனால் பிள்ளைகள் போனதும் ஆசிரியரும் ஆயாவும் நீயுமாகச் சற்று நேரம் உட்காருங்கள். இன்று யார் அழுதார்கள், யார் சாப்பிடவில்லை, யார் விழுந்தார்கள், யாரிடம் நாம் குரல் உயர்த்தினோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நிர்வாகம் என்று பெரிய பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் இந்த நோட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

2. உன்னைக் கேள்வி கேட்பவரை அறங்காவலராக வை.
கணவர், அண்ணன், மாமியார் என்று குடும்பத்தையே பத்திரத்தில் எழுதிவைப்பது சுலபம். கூட்டம் போடாமலே கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் எல்லாரும் உன்பக்கம் உட்கார்ந்தால் பிள்ளையின் பக்கம் யார் உட்காருவது? ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த செவிலியர் ஒருவர், உன் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் ஒருவர் என்று வெளியாள்களைச் சேர். எனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளையில் தணிக்கையாளர் வருவதற்கு முந்தின இரவு, வருஷம் முழுவதற்குமான தீர்மானப் புத்தகத்தை ஒரே பேனாவில் எழுதி முடிப்பார்கள். அங்கே பங்காளிச் சண்டை வந்தபோது எந்தத் தீர்மானம் உண்மை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் யாராவது மறுத்துப் பேசினால் அதையும் புத்தகத்தில் ஏற்று. பின்னால் உன்னைக் காப்பாற்றப் போவது அந்த வரிதான்.

3. ஜூன் மாதப் பணம் ஏப்ரல் வரைக்குமான பணம்.
சேர்க்கை நேரத்தில் கை நிறையப் பணம் புழங்கும். அது உன்னுடையது என்று தோன்றும். அந்தப் பணத்துக்குள் பொங்கல் மாதச் சம்பளமும் இருக்கிறது, கோடைக்கால வாடகையும் இருக்கிறது. பள்ளிக்கெனத் தனி வங்கிக் கணக்கு வை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது போடு. உனக்கென ஒரு சம்பளத்தைத் தீர்மானத்தில் எழுதி, அதற்குமேல் தொடாதே. ஒரு தாளாளர் ஜூன் வசூலை எடுத்து மகளின் கல்யாணத்தை முடித்தார், பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்ற எண்ணத்தில். அவர் திருடர் இல்லை, நல்ல மனிதர். ஜனவரியில் சம்பளம் தள்ளிப்போனது. மார்ச்சுக்குள் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். எண்ணம் நல்லதாக இருந்தால் போதாது, ஏடும் நேராக இருக்க வேண்டும்.

4. மழைக்கு முன்பே ஒதுக்கி வை.
2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, மழலையர் வகுப்புகள்தான் எல்லோருக்கும் கடைசியாகத் திறந்தன. தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி இல்லாவிட்டாலும் வாடகை உண்டு, ஆயா வீட்டு அடுப்பும் எரிந்தாக வேண்டும். அன்று தாக்குப்பிடித்தவர்களில் பலர், சில மாதச் சம்பளத்தை முன்பே ஒதுக்கிவைத்தவர்கள். ஆண்டுதோறும் வரவில் ஒரு சிறு பங்கை வைப்புநிதியில் போடு. அறங்காவலர் கூட்டத் தீர்மானம் இல்லாமல் அதை எடுக்க முடியாதபடி செய்துவை. நன்கொடையையும் ஒரே கையிலிருந்து வாங்காதே. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி இந்த ஆண்டு வரும், அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போகும். அவர்கள் பணத்தில் விளையாட்டுச் சாமான் வாங்கு, ஆசிரியர் சம்பளத்தை அதில் தொங்கவிடாதே.

5. இடம் எவ்வளவோ அவ்வளவு பிள்ளை.
2013-ன் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை ஓர் அளவு சொல்கிறது: 30 பிள்ளைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் வகுப்பறை, 30 சதுர மீட்டர் வெளியிடம். 3 முதல் 6 வயதுக்கு 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கும் சின்னவர்களுக்கு 10 பேருக்கு ஒருவர். டேப்பை எடுத்து நீயே அளந்து, உன் பள்ளியில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதை வாசலில் எழுதிப் போடு. மே மாதம் கவுன்சிலர் சிபாரிசு வரும், சொந்தக்காரர் வருவார், "ஒரே ஒரு பிள்ளைதானே" என்பார்கள். வாசலில் எழுதிய எண் உனக்காகப் பேசும். ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் கூட்டமாகிறது.

6. ஜூலை 16-ஐ மறக்காதே.
2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையலறைத் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் மாண்டார்கள். ஒரே கட்டடத்தில் பல வகுப்புகள் நெருக்கியடித்திருந்தன. கூரை கீற்றாலானது, வெளியேற வழி குறுகல். 2013-ல் அதே ஜூலை 16 அன்று, பீகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல்கார அம்மா சொன்னதாகவும், சமைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றும் செய்திகள் வந்தன.

இரண்டும் விதியால் நேர்ந்தவை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. முதலாவதைக் கட்டடச் சான்று கொடுத்தவரும் வாங்கியவரும் கண் திறந்து பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம். இரண்டாவதை ஒரு டப்பாவை முகர்ந்து பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம். கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கோப்பில் இருக்கட்டும். அதோடு ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று பள்ளியை நீயே சுற்றி வா. எரிவாயு சிலிண்டர் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறதா, பின்கதவு திறக்கிறதா, பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, மளிகை டப்பாக்கள் எங்கே இருக்கின்றன, வேன் கதவின் தாழ் சரியா என்று பார். பிள்ளைகளை வரிசையாக வெளியே அழைத்துப் போகும் ஒத்திகையையும் அன்றே நடத்து. சமைத்ததை ஒரு பெரியவர் சாப்பிட்டுப் பார்க்காமல் ஒரு பிள்ளைக்கும் பரிமாறாதே.

7. சொல்ல வருகிறவரின் வாயை அடைக்காதே.
பள்ளியில் எது தவறினாலும் முதலில் தெரிவது ஆயாவுக்கும் வேன் ஓட்டுநருக்கும் சமையலம்மாவுக்கும்தான். அவர்கள் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு உனக்குக் காதே இல்லாமல் போய்விடும். பிள்ளையை யாராவது தகாத விதத்தில் தொட்டதாகச் சிறு சந்தேகம் வந்தாலும், விசாரித்துத் தெளிவாகட்டும் என்று தள்ளிப்போடாதே. போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லா அறையிலும் பெரியவர் கண்ணில் படும்படி ஒட்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்று யாராவது தயங்கினால், பெயர் பிள்ளையைவிடப் பெரிதா என்று கேள்.

8. ஆயாவின் சம்பளத்தில் மிச்சம் பிடிக்காதே.
கழிவறைக்குக் கூட்டிப்போய், கழுவிவிட்டு, சட்டை மாற்றி, அழும் பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்பவர் அவர்தான். பள்ளியில் பிள்ளை முதலில் பழகுவது பெரும்பாலும் அவர் முகத்தோடுதான். மாதச் சம்பளத்தில் சில நூறு ரூபாய் குறைத்து, ஆண்டுக்கு மூன்று ஆயாக்களை மாற்றும் பள்ளியில் பிள்ளைகள் ஆண்டுக்கு மூன்று முறை புதிதாக அழ வேண்டியிருக்கிறது. இ.எஸ்.ஐ. 10 பேரிலும் பி.எஃப். 20 பேரிலும் பொருந்தத் தொடங்கும். அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தாலும் விடுப்பு, மருத்துவச் செலவு, சம்பளத் தேதி இவற்றை எழுத்தில் கொடு. ஒன்றாம் தேதி சம்பளம் கிடைக்கிற கை, பிள்ளையை நிதானமாகத் தூக்கும்.

9. பிள்ளை வாயில் வைக்கும் என்று நினைத்தே வாங்கு.
பசுமைப் பள்ளி என்று பெயர்ப்பலகை வைப்பதற்கு முன், பிள்ளை தொடுவது ஒவ்வொன்றையும் பார். சுவருக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கு. கடையில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான், தென்னங்குரும்பை, துணிப்பொம்மை, ஆற்று மணல் இவற்றில் பிள்ளைகள் மணிக்கணக்காக விளையாடும். உடைந்தால் மண்ணுக்கும் கெடுதலில்லை. மழைநீர்த் தொட்டியைக் கட்டியதோடு விட்டுவிடாதே, ஐப்பசி மழை வருமுன் ஒவ்வொரு ஆண்டும் தூர்வாரு. தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதியைத் தொட்டி மேலேயே எழுதிவை. மறந்துபோவது மனிதருக்கு இயல்பு, தேதிக்கு அந்தக் குணம் இல்லை.

10. யார் உள்ளே வரவில்லை என்றும் பார்.
கட்டண விவரத்தை வாசலில் ஒட்டு. ரசீதில் வராத தொகை எதையும் எந்தப் பெயரிலும் வாங்காதே. மூன்று வயதுப் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு வைப்பதும், பெற்றோரின் படிப்பைக் கேட்டுச் சேர்ப்பதும் வெட்கப்பட வேண்டிய பழக்கம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிச் சேர்க்கையில் அப்படி வடிகட்டுவதைத் தடுக்கிறது. உன் தெருவிலுள்ள அங்கன்வாடியைப் போட்டியாக நினைக்காதே. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய அந்தத் திட்டம்தான், ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக்கு முந்திய பருவம் உண்டு என்று நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தது. 1982-ல் சத்துணவு வந்தபோது, அந்தச் சோற்றுக்காக வந்த பிள்ளைகள் பாட்டுக்கும் கதைக்குமாகத் தங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். அங்கே இருக்கும் பணியாளர் அம்மாவிடம் போய் உட்கார். எடை பார்ப்பது, தடுப்பூசி அட்டை படிப்பது, வீடுவீடாகப் போய்ப் பேசுவது எல்லாம் உன்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

11. நீ இல்லாமலும் நடக்க வேண்டும்.
தாராபாய் மோதக் 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் கிராமப் பிள்ளைகளுக்கான பாலர் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் வரவில்லை என்றதும் அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அன்றே அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். வேலை பிறகு கோஸ்பாட் மலைக் கிராமத்துக்கு நகர்ந்தது. மோதக் 1973-ல் காலமானபோது பள்ளி நிற்கவில்லை. வாக் 1992-ல் தம் காலம் முடியும்வரை அதைக் கொண்டுசென்றார். தொடங்கியவரின் பெருமை, அடுத்தவரை அருகில் வைத்து வளர்த்ததிலும் இருக்கிறது. கையெழுத்து அதிகாரத்தை இரண்டு பேரிடம் வை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிவை. ஆண்டுக்கு ஒரு மாதமாவது ஒதுங்கி இருந்து பார். அந்த மாதம் பள்ளி தடுமாறினால், நீ அங்கே வளர்த்தது உன்னைத்தான், பள்ளியை இல்லை.

இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்யப் போகாதே, மலைத்துவிடுவாய். முதல் வாரம் வங்கிக் கணக்கும் தீர்மானப் புத்தகமும். பள்ளி திறக்குமுன் சான்றிதழ்களும் பின்கதவும். திறந்த அன்று மாலையே அந்த நோட்டு. மற்றவை ஆண்டு ஓட ஓடப் படியும். முதல் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் என்னைக் கூப்பிடு. ஆண்டுவிழாவுக்குப் பொன்னாடை போட வேறு யாரையாவது அழைத்துக்கொள். நான் ரசீதுக் கட்டையும் நோட்டையும் எடுத்துவைக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கேள்வி கேட்க வருவேன்.

அன்புடன்,
அத்தை