இயங்குதள மீட்புக் கலைச்சொற்களில் பொருள்மயக்கம்: ‘ஏற்றுதல்’, ‘மீட்டமைத்தல்’

லினக்ஸ் இயங்குதளம் தொடங்காமல் நின்றுவிடும்போது, அதனைச் சரிசெய்யும் வழிமுறையைத் தமிழில் எழுதுவோர் எதிர்கொள்வது முதற்கண் சொற்சிக்கலே. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. ஆங்கிலப் பயிற்சி குறைந்த மாணவர் கையிலும் ஈரியங்குதளக் கணினி சேர்ந்தபின், தெளிவான தமிழ் மீட்புக் குறிப்பு இன்றியமையாததாயிற்று.

‘பூட்’ என்பது காலணியின் பின்புற வாரைக் குறிக்கும் ‘பூட்ஸ்டிராப்’ என்பதன் குறுக்கம். தன் காலணி வாரைப் பற்றித் தன்னையே தூக்குதல் என்னும் ஆங்கில மரபு அதன் பின்னணி. ஆம்பூர்த் தோல் தொழில் வட்டாரத்தார்க்கு வார் புதிதன்று. ஆயினும் அவ்வுருவகம் தமிழில் வழங்காமையால் ‘தொடக்குதல்’ எனப் பொருள்வழி ஆக்கமே பொருந்துகிறது. இதில் இழப்பொன்றுமில்லை.

தொடக்கம் ஒரே செயலன்று. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள் தமிழ்ப் புலவர், கடையெழு வள்ளல் பெயர்களைத் தாங்கியுள்ளன. வண்டி ‘மலையில் நின்றது’ என்பதினும் ‘பாரி வளைவில் நின்றது’ என்பதே உதவிக்கு வருவோர்க்குப் பயன்படும். கணினியிலும் அவ்வாறே. நிலைபொருள், கிரப் என்னும் தொடக்க ஏற்றியை அழைக்கிறது. அது கருவகத்தையும் தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் இடுகிறது. பின்னர் மூலக் கோப்பு முறைமை இணைக்கப்பெற, சிஸ்டம்டி சேவைகளைத் தொடங்குகிறது. திரை ‘கிரப் ரெஸ்கியூ’ என நின்றால், ஏற்றி தன் கோப்புகளைக் காணவில்லை என்பது பொருள். ‘எமர்ஜென்சி மோடு’ தோன்றின் கருவகம் இயங்கிவிட்டது. எஃப்எஸ்டேப் கோப்பின் பிழையோ வட்டின் சிதைவோ காரணமாகலாம்.

இவ்விடத்தில்தான் ‘ஏற்றுதல்’ இடர் விளைக்கிறது. நினைவகத்தில் இடும் ‘லோடு’, கோப்பு முறைமையை இணைக்கும் ‘மவுண்ட்’ இரண்டிற்கும் அச்சொல்லே வழங்குகிறது. ‘ஏற்றப்பட்ட பகிர்வில் எஃப்எஸ்சிகே கட்டளையால் திருத்தம் செய்யலாகாது’ என்னும் எச்சரிக்கையை நோக்குக. இணைந்த நிலையில் திருத்தினால் கோப்பு முறைமை மேலும் சிதையும். ‘ஏற்றப்பட்ட’ என்பதை முதற்பொருளில் கொள்பவர்க்கு இவ்வெச்சரிக்கை சென்று சேராது. ‘லோடு’ ஏற்றுதலாகவும், ‘மவுண்ட்’ பொருத்துதலாகவும் பிரிதல் வேண்டும்.

‘மீட்டமைத்தல்’ இதனினும் கொடிது. பழைய நிலைக்குக் கொணர்தலையும், அனைத்தையும் அழித்து முதனிலைக்குத் திருப்பும் ‘ரீசெட்’டையும் அது குறிக்கிறது. ஏலகிரி மலையூர்களில் பதிந்த வழக்காற்று ஒலிக்கோப்புகள் ஒரே கணினியில் உள்ளன எனக் கொள்வோம். ‘மீட்டமை’ என்பதை மீட்பு எனக் கருதி அழுத்துபவர் ஒரு பருவக் களப்பணியை இழப்பார். அவர் செய்யவேண்டியது வேறு: யுஎஸ்பி வழி மற்றொரு லினக்சைத் தொடக்கி, பகிர்வைப் படிப்பதற்கு மட்டுமாகப் பொருத்தி, கோப்புகளை வெளிவட்டில் படியெடுத்தபின்னரே பழுதில் கைவைத்தல்.

எனவே ‘ரெகவர்’ மீட்டெடுத்தல், ‘ரிப்பேர்’ சீர்செய்தல், ‘ரீசெட்’ முதனிலைப்படுத்தல் என வேறுபடுத்தலாம். ‘ரெஸ்கியூ’ மட்டும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கலாம். திரையில் தோன்றும் அச்சொல்லோடு குறிப்பைப் படிப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.