கறுத்த இலைக்குக் காரணம் ஆலை மட்டுமா?

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களிடம் நாற்று ஏன் சோர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கை சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் திசைக்குத்தான் நீளும். உருக்காலைகள் சூழ்ந்த ஊரில் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறொன்றாக ஊற்றப்பட்டே இங்கே பல கன்றுகள் சாகின்றன. அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: இலை கறுத்திருந்தால் அது ஆலைத் தூசுதான்.

உண்மை: தூசாக இருக்கலாம். கரும்பூசணமாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தூசுக்கு இந்தச் செடி, அந்தச் செடி என்ற பேதம் கிடையாது. மாடியிலுள்ள எல்லா இலைகளிலும், தண்ணீர்த் தொட்டி மூடியிலும், கைப்பிடிச் சுவரிலும் அது ஒரே மாதிரி படியும். விரலால் தேய்த்தால் வறண்ட பொடியாக வரும். அதை ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பொடியும் கூடவே நகர்ந்தால் அதில் இரும்புத் துகள் இருக்கிறது.

கரும்பூசணம் அப்படி எல்லா இடத்திலும் வராது. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். அது சொட்டுகிற இலைகளில் மட்டுமே இந்தப் பூசணம் வளரும். தொட்டால் பிசுபிசுக்கும், தண்டில் எறும்பு ஏறி இறங்கும். பூச்சி அந்தச் செடியிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று தமிழ்நாட்டுத் தென்னைகளில் பரவலாக இருக்கிறது. தென்னை மரத்தடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் செடியை விட்டுவிட்டு மேலே மட்டையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பூசணம் இலைக்குள் நுழைவதில்லை. மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவே. எனவே பூசணக்கொல்லி வாங்குவது வீண் செலவு. இலையின் அடிப்பக்கத்துப் பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், எறும்பைத் தடுங்கள், தொட்டியைத் தென்னைக்கு அப்பால் நகர்த்துங்கள். படிந்த கறுப்பு போக, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தால் அது வெயிலில் காய்ந்து பூசணத்தோடு உரிந்துவிடும். வெறும் தூசு என்றால் வாரம் ஒருமுறை காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவினாலே போதும்.

தூசைக் காற்றில் கொட்டும் ஆலைகளுக்கு இதனால் நற்சான்று கிடைத்துவிடாது. கரும்பூசணத்தைப் படம் பிடித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பினால், நியாயமான புகாரும் சேர்ந்து தள்ளுபடியாகும். எது தூசு என்று தெரிந்துகொண்டு புகார் கொடுப்பதே வலு.

நம்பிக்கை: ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றலாம், தண்ணீரும் மிச்சம்.

உண்மை: நல்ல எண்ணம்தான், ஆனால் இந்த வட்டாரத்தில் தொட்டி நாற்றுகளுக்கு இது பெரிய கேடு. மீஞ்சூர் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960களின் பிற்பகுதியிலேயே தெரிந்துவிட்டது. சென்னைக்குத் தண்ணீர் கொடுக்க மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து இறைத்ததும் வயலுக்கு இறைத்ததும் சேர்ந்து கடலை உள்ளே இழுத்தன. அப்படிப்பட்ட போர்த் தண்ணீரிலிருந்து பாதியைக் குடிநீராகப் பிரித்தால், மீதிப் பாதியில் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

வயலில் ஊற்றினால் அந்த உப்பு மழையில் கீழே இறங்க வழி உண்டு. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பாகும். இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவார்கள். உரமும் உப்புதான், எனவே கன்று இன்னும் வேகமாகக் கருகும். கழுவாத தென்னை நார்க்கழிவில் நட்டிருந்தால் அதிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மருந்து தண்ணீர்தான். மழைநீரையோ உப்பில்லாத நீரையோ தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். கழிவுநீர் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படட்டும்.

நம்பிக்கை: இலை மஞ்சளானால் யூரியா போடு.

உண்மை: எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். அடியிலைகள் முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனிக் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. இரும்புத் தூசு விழும் ஊரிலேயே செடிக்கு இரும்பு கிடைக்காமல் போகும். ஏனென்றால் தூசிலிருப்பது துரு. காரத்தன்மையுள்ள மண்ணிலும் சுண்ணாம்பு கலந்த போர்த் தண்ணீரிலும் அது கரையாது, வேர் அதை எடுக்க முடியாது. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வரும்.

நம்பிக்கை: வாடினால் தண்ணீர் ஊற்று.

உண்மை: மண்ணில் விரலை விட்டுப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஈர மண்ணில் வாடி நிற்கும் கன்றுக்கு வேர் அழுகியிருக்கலாம். மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள் தரையை ஒட்டிய இடத்தில் தண்டு மெலிந்து சாய்வது நாற்றழுகல். பித்தியம் என்ற பூசணம் தண்ணீர் தேங்கும் மண்ணில் நீந்திப் பரவி இதை உண்டாக்குகிறது. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அதை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். நிற்பவற்றுக்கு நீரைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். அடுத்த முறை கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற அளவில் விதை நேர்த்தி செய்துவிட்டு விதையுங்கள்.

நம்பிக்கை: தொட்டிக்கு அடியில் ஜல்லி போட்டால் நன்றாக வடியும்.

உண்மை: வடியாது. மேலே உள்ள நுண்ணிய மண் முழுக்க ஊறும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. துளைமேல் ஒரு ஓட்டுச்சில்லு போதும்.

நம்பிக்கை: வேப்ப எண்ணெய் இயற்கையானது, எவ்வளவு அடித்தாலும் கெடுதல் இல்லை.

உண்மை: இளங்கன்றுக்கு லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் வேண்டாம். சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. உச்சி வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். முதலில் ஒரு இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள்.

காரணம் பிடிபடவில்லையென்றால் மருந்துக் கடைக்குப் போகும்முன் திருவள்ளூரை அடுத்த திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். ஒற்றை இலையைக் கிள்ளி எடுத்துப்போனால் போதாது. வேரும் மண்ணுமாக ஒரு கன்றையும், அதற்கு நீங்கள் ஊற்றும் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் கொண்டுபோங்கள்.