மிளகாய் சொன்ன பாடம்

மிளகாயைக் கடித்தவன் தண்ணீருக்கு ஓடுவான். நானோ நூலகத்துக்கு ஓடினேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

விடுதி உணவுக்கூடத்தில் ஓரிரவு எங்கள் மேசையில் நால்வர் இருந்தோம். மூவர் தமிழர், ஒருவர் வங்காள நண்பர். அன்று குழம்பில் காரம் சற்று மிகுதி. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்கள் நாட்டில் எப்போதுமே இப்படித்தானா?" என்றார் அவர். "சங்க காலந்தொட்டு இப்படித்தான்! ஈராயிரம் ஆண்டுகளாக மிளகாய் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்" என்று மார்தட்டினேன். நண்பர் வரலாற்று மாணவர். "அப்படியா? எந்தச் சங்கப் பாட்டில் மிளகாய் வருகிறது?" என்று அமைதியாகக் கேட்டார். எனக்கு நாவெழவில்லை. மற்ற இரு தமிழரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டனர்.

மறுநாள் நூலகம் திறக்கும்போதே போய் நின்றேன். தேடியது ஒரு பாட்டு. கிடைத்தவை மூன்று வியப்புகள்.

முதல் வியப்பு பெயரில் இருந்தது. மிளகாயின் தாயகம் அமெரிக்கா. மெக்சிகோ முதலிய நாடுகளின் பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தது அது. 1492-இல் கொலம்பசு கடல் கடந்தபோது தேடிய பொருள்களுள் ஒன்று மிளகு. அவர் கண்டதோ மிளகாய். மிளகின் பெயரையே அதற்கும் இட்டுவிட்டார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த போர்த்துகீசியர் வழியாக இச்செடி நம் நாட்டை அடைந்தது. அதைக் கண்ட நம் முன்னோரும் 'மிளகு போல் உறைக்கும் காய்' என்று எண்ணி 'மிளகாய்' என்றனர். உலகின் இரு கோடியிலும் இருந்தவர்கள் ஒரே உவமையைக் கையாண்டது விந்தையன்றோ?

அப்படியானால் சங்கத் தமிழர் எதனால் காரம் கூட்டினர்? மிளகினால். அதற்குக் 'கறி' என்றும் பெயர் இருந்தது. முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் மீண்ட செய்தியை அகநானூற்றில் காணலாம். கி.பி. 408-இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் மன்னன், பொன்னும் வெள்ளியும் கேட்டதோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டான். அந்த மிளகுக் கொடியின் தாயகம் நமது மேற்கு மலைத்தொடர்.

இரண்டாம் வியப்பு கிளியைப் பற்றியது. கிளி மிளகாயைக் கொறிக்கும்போது ஒரு துளியேனும் கண் கலங்குவதைக் கண்டதுண்டா? மிளகாயின் காரத்துக்குக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். அது விலங்குகளின் நாவைச் சுடும். பறவைகளை ஒன்றும் செய்யாது. எலி விதையை மென்று அழித்துவிடுகிறது. பறவையோ பழத்தை விழுங்கி, விதையைச் சிதைக்காமல் வேறிடத்தில் எச்சமாக இடுகிறது. ஆகவே செடிக்குக் காரம் ஒரு வாயிற்காவலன்: பகைவனைத் துரத்தி, நண்பனை உள்ளே விடுகிறது. அந்தக் காவலனை மீறித் தட்டு நிறையத் தின்பவன் மனிதன்!

மூன்றாம் வியப்பு நம் நாவில். காரம் ஒரு சுவையே அன்று, அது வலி. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயில் ஒன்று நம் உடலில் உண்டு. அதே வாயிலைக் காப்சைசினும் திறந்துவிடுகிறது. அதனால் நெருப்பு இல்லாமலே 'நெருப்பு' என்று மூளைக்குச் செய்தி போகிறது. டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு இதை 1997-இல் கண்டறிந்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. காப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே காரம் தலைக்கேறினால் தண்ணீர்க் குவளையைத் தேடாதீர்கள்; தயிரைத் தேடுங்கள். நம் வீட்டுச் சாப்பாடு தயிர்ச் சோற்றில் முடிவதன் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது. காரம் விதையில் இருப்பதாக நாம் சொல்வதும் தவறு. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான உட்பகுதியில்தான் அது உண்டாகிறது.

அன்றிரவு நண்பரிடம் சென்று, "நான் சொன்னது பிழை" என்றேன். சொல்லுமுன் தொண்டை அடைத்தது உண்மை. அவர் சிரித்து, "வருந்தாதீர்கள். நாங்கள் உயிரெனக் கருதும் ஆலூர் தம்மின் உருளைக்கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்" என்றார். இருவரும் சேர்ந்தே உண்டோம்.

அன்பர்களே, வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தமிழ்நாட்டின் தூதுவர்கள். நம் வாயிலிருந்து வரும் பொய்ப்பெருமை ஒரு கேள்வியில் சரிந்தால், அதன்பின் நாம் சொல்லும் மெய்ப்பெருமையையும் எவர் நம்புவார்? மிளகாயை விட்டுக்கொடுத்ததால் நான் எதையும் இழக்கவில்லை, மிளகு கிடைத்தது.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தட்டில் உள்ள ஒரு பொருளின் ஊரையும் பேரையும் விசாரித்து வாருங்கள். நிலக்கடலையிலிருந்து தொடங்கலாம்.