மின்னஞ்சல் திறக்கவில்லையா? பழுது எங்கே என்று முதலில் பார்ப்போம்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி என்ன செய்வார்? உடனே வரம்பை வெட்டமாட்டார். முதலில் தன் வயலின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பின்பு வாய்க்கால் வழியே நடந்து போவார். வாய்க்காலிலும் நீர் இல்லையென்றால், குளத்தின் துருசு திறந்திருக்கிறதா என்று விசாரிப்பார். துருசு பூட்டியிருக்கும்போது வயலில் மண்வெட்டி போடுவதால் பயனில்லை என்பது எம் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லாத பாடம். மின்னஞ்சலுக்கும் இதே பாடம் பொருந்தும்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு மின்னஞ்சல் இன்று ஓர் ஆடம்பரப் பொருளல்ல. வீட்டை விட்டு ஓடியபோது காணி உறுதியை இழந்தவர்கள் பலர். அதன் பிரதி வெளிநாட்டிலுள்ள சகோதரனிடமிருந்து மின்னஞ்சலில்தான் வருகிறது. 2025 மார்ச் 28 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடக்கின் கரையோரக் காணிகளுக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோருமாறு கேட்டதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஆயினும், ஒரு திகதிக்குள் பத்திரங்களைத் தேடி எடுக்கவேண்டிய நெருக்கடி எத்தகையது என்பதை அந்த மாதங்கள் எமக்குக் காட்டின.

ஒரு தாயின் அனுபவம்

ஒருநாள் எமது நிலையத்திற்கு ஒரு தாய் கண்ணீரோடு வந்தார். மறுநாள் பிரதேச செயலகத்தில் காணி விசாரணை. உறுதியின் பிரதி மகனின் மின்னஞ்சலில் இருந்தது. முந்திய மாலை அது திறக்கவில்லை. மகன் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தார். பின்பு ஒரு நண்பரின் சொற்கேட்டு அந்தக் கணக்கையே கைத்தொலைபேசியிலிருந்து நீக்கிவிட்டார். உண்மையில் அந்த மாலை சேவைதான் சிறிது நேரம் நின்றிருந்தது. இரவே அது சீராகிவிட்டது. ஆனால் மகன் மீண்டும் உள்ளே போக முயன்றபோது, உறுதிப்படுத்தும் இலக்கம் முன்னைய முகாமில் தொலைத்த சிம்முக்குப் போனது. சேவையின் பழுது ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. பதற்றத்தால் நாமே உண்டாக்கிய பழுது பல வாரம் நீடித்தது. வெளிநாட்டிலிருந்த உறவினர் பிரதியை மறுபடியும் அனுப்பும்வரை விசாரணைக்குத் தவணை கேட்க வேண்டியதாயிற்று.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், பழுது எங்கே என்று அறிய வேண்டும்.

முதலாவது: எம் வயல்

கைத்தொலைபேசியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். விமானக் குறி இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திகதியும் நேரமும் சரியா என்றும் கவனியுங்கள். நாட்கணக்கில் மின்னேற்றாமல் கிடந்த தொலைபேசி சில வேளை தவறான திகதியைக் காட்டும். அப்போது பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும். திகதியைத் திருத்தினால் போதும். மின்னஞ்சல் செயலி மட்டும் திறக்கவில்லையென்றால், இணையப் பக்கங்கள் பார்க்கும் உலாவி வழியாக அதே மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் செயலியில்தான் கோளாறு.

இரண்டாவது: வாய்க்கால்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “வாட்ஸ்அப் வேலை செய்கிறதே, இணையம் இருக்கிறதுதானே” என்கிறார்கள். எம் நாட்டில் வாட்ஸ்அப், முகநூல் போன்றவற்றுக்கு மட்டுமான டேட்டாப் பொதிகள் விற்கப்படுகின்றன. அந்தப் பொதியில் வாட்ஸ்அப் பேசும், மின்னஞ்சல் திறக்காது. எனவே முன்பு ஒருபோதும் திறக்காத வேறொரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். முன்பு பார்த்த பக்கம் தொலைபேசியின் நினைவிலிருந்தே வரக்கூடும். புதிய பக்கமும் திறக்கவில்லையென்றால் பழுது இணைப்பில். மீதி டேட்டாவைப் பாருங்கள். தேவையானால் ரீலோட் போடுங்கள்.

அடுத்து, வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அயலவரிடம், அதே மின்னஞ்சல் சேவையில் அவருடைய பெட்டி திறக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் கடவுச்சொல்லை அவருடைய தொலைபேசியில் அடிக்க வேண்டாம். அவருக்குத் திறந்தால் குளம் நிறைந்திருக்கிறது. உங்கள் வாய்க்காலில் அல்லது பூட்டில்தான் கோளாறு.

மூன்றாவது: குளம்

பெரிய நிறுவனங்களின் சேவையும் நிற்பதுண்டு. 2020 டிசம்பர் 14 இல் எமது நேரப்படி மாலை 5.17 அளவில் கூகுளின் ஜிமெயில் உட்படப் பல சேவைகள் உலகெங்கும் முக்கால் மணி நேரம் நின்றன. கடிதங்கள் அழியவில்லை. உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கும் பகுதிக்கு ஒதுக்கிய அளவு தவறாகக் குறைக்கப்பட்டதே காரணம். வீடு இருந்தது, பொருள் இருந்தது. கதவு திறப்பவர்தான் வேலை செய்யவில்லை. 2021 ஒக்டோபர் 4 இல் முகநூலும் வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றன.

சேவை நின்றிருப்பதை அறிய மூன்று வழிகள் உண்டு.

1. திரையில் வரும் செய்தியை ஆறுதலாக வாசியுங்கள். 500, 502, 503 என ஐந்தில் தொடங்கும் பிழை இலக்கம் வந்தால் கோளாறு பொதுவாக அவர்கள் பக்கத்தில். “கடவுச்சொல் பிழை” என்று வந்தால் பெரும்பாலும் எம் பக்கத்தில்.

2. கூகுள், மைக்ரோசொஃப்ட் போன்ற நிறுவனங்கள் தம் சேவைகளின் நிலையைக் காட்டும் பக்கங்களை வைத்திருக்கின்றன. அதில் உங்கள் சேவைக்கு நேரே கோளாறு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோளாறு தொடங்கிய முதல் நிமிடங்களில் அது அங்கே பதிவாகாமலும் இருக்கலாம்.

3. டவுன்டிடெக்டர் என்ற தளம் மக்களின் முறைப்பாடுகளைத் திரட்டிக் காட்டுகிறது. திடீரென முறைப்பாடுகள் உயர்ந்திருந்தால் நீங்கள் தனியாக இல்லை என்று அறியலாம்.

நான்காவது: பூட்டும் கொள்ளளவும்

மற்றவர்களுக்குத் திறந்து உங்களுக்கு மட்டும் திறக்கவில்லையென்றால் உங்கள் கணக்கைப் பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறதா? கடிதம் மட்டும் வராதிருந்தால் பெட்டி நிறைந்திருக்கலாம். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட். படங்களும் கோப்புகளும் அதே இடத்தைப் பங்கிடுகின்றன. நிறைந்தால் புதிய கடிதம் வராது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கூகுள் கணக்கை நீக்கும் நடைமுறையும் 2023 டிசம்பரிலிருந்து உண்டு. ஆகவே பத்திரங்கள் உள்ள பெட்டியை இடையிடையே திறந்து பாருங்கள்.

சேவைதான் நின்றிருந்தால்

பொறுத்திருங்கள். கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். கணக்கை நீக்க வேண்டாம். புதுக் கணக்கும் திறக்க வேண்டாம். அந்நேரத்தில் உங்களுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தொலைவதில்லை. அனுப்பும் கணினி நாலைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும் வகையிலேயே மின்னஞ்சல் முறை அமைந்திருக்கிறது. ஆனால் 2020 டிசம்பரில் அந்த முதற்கோளாறை அடுத்து, இருக்கும் ஜிமெயில் முகவரிகளையே “இல்லை” என்று சொல்லிக் கடிதங்கள் திரும்பிய சம்பவமும் நடந்தது. எனவே அனுப்பியவரிடம் கடிதம் திரும்பியதா எனக் கேட்டு, திரும்பியிருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

இவ்வேளையில்தான் ஏமாற்றுக்காரரும் வருவார்கள். “உங்கள் கணக்கைத் திறந்து தருகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. அந்த இலக்கம் உங்கள் வீட்டுத் திறப்பு.

அலுவலகத் தவணை நெருங்கினால் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து நிலையைச் சொல்லுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். முடிந்தால் விண்ணப்பத்தை நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு பெறுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

உவமையில் வரும் முன்மதியுள்ள கன்னியர் விளக்கோடு எண்ணெயையும் எடுத்துச் சென்றார்கள். நாமும் அவ்வாறே ஆயத்தமாவோம். உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அச்சிட்டு நீர் புகாத உறையில் வையுங்கள். இன்னொரு பிரதியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். மின்னஞ்சல் கணக்கிலுள்ள தொலைபேசி இலக்கம் இன்று உங்கள் கையிலுள்ள இலக்கமா என்று பாருங்கள். சிம் மாறியிருந்தால், உள்ளே போக முடிகிற இன்றைக்கே அதை மாற்றுங்கள். ஊர் மாறும்போது நாம் மறந்துபோவது இதைத்தான்.

குழுவில் கலந்துரையாட

1. எமது முக்கிய பத்திரங்கள் ஒரே இடத்தில் மட்டும் இருக்கின்றனவா?
2. எமது கணக்கிற்குரிய தொலைபேசி இலக்கம் யாருடைய கையில் இருக்கிறது?
3. பழுது எங்கே என்று பார்த்துச் சொல்லக்கூடிய இளைஞர் இருவரை எமது கிராமத்தில் ஆயத்தப்படுத்தலாமா? வயதானவர்களின் கடவுச்சொல்லைக் கேட்காமலே அவர்கள் உதவுவது எப்படி?