ஒரு சொல்லோ, இரு சொல்லோ?

ஆங்கில மொழியில் 'கிளீவ்' என ஒரு வினையுண்டு. பிளத்தல் என்பது அதன் ஒரு பொருள். விடாது ஒட்டியிருத்தல் என்பது பிறிதொரு பொருள். ஒன்றற்கொன்று மறுதலையாகிய இவ்விரண்டும் ஒரு வடிவின்கண் அமைந்தவாறு யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் இவ்வினை இரு பொருளிலும் ஆளப்பட்டுள்ளது. ஆபிரகாம் தகனபலிக்கு விறகு பிளந்ததைக் கூறும் ஆதியாகமம் 22:3இலும், ரூத் தன் மாமியாகிய நகோமியை விடாது பற்றிக்கொண்டதைக் கூறும் ரூத் 1:14இலும், 'கிளேவ்' என்னும் ஒரே இறந்தகால வடிவம் வருகின்றது. ஓர்பாள் மாமியை முத்தமிட்டுப் பிரிகின்றாள்; ரூத்தோ பிரியாது நிற்கின்றாள். பிளத்தற்பொருள் ஒன்றனையே அறிந்த மாணவன், ரூத்தும் பிரிந்தாள் என்று கொள்வானாயின், கதை முழுதும் தலைகீழாய்விடும். மூலமாகிய எபிரேயத்தில் இவ்விடர்ப்பாடு இல்லை. ஆங்குப் பிளத்தற்குப் 'பாகா' என்றும், பற்றுதற்குத் 'தாபக்' என்றும் வேறு வேறு வினைகள் உள.

பிரிவும் பிணைப்பும் ஒன்றனுள் ஒன்று அடங்கியவை என்பதை உணர்த்தவே ஆங்கிலர் இரண்டற்கும் ஒரு சொல்லை வைத்தனர் எனச் சிலர் கூறக்கூடும். தந்தையையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருத்தலைக் கூறும் ஆதியாகமம் 2:24இலும் இவ்வினையே வருதலின், அக்கருத்து நெஞ்சைக் கவர்வதே. ஆயினும் சொல்லின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இவை இரு வேறு வினைகள். பிளத்தலைக் குறித்தது 'கிளேயோவன்'. ஒட்டுதலைக் குறித்தது 'கிளிவியன்'. ஆங்கிலத்திற்கு இனமாகிய ஜெர்மன் மொழியில் இன்றும் பிளத்தல் 'கிலீபன்' எனவும், ஒட்டுதல் 'கிலேபன்' எனவும் பிரிந்தே நிற்கின்றன. ஆங்கிலத்திலோ, காலப்போக்கில் வினைகளின் ஈறுகள் தேய்ந்தன. உயிரொலிகள் திரிந்து ஒன்றையொன்று நெருங்கின. ஈற்றில் இரு வினையும் ஓருருவாயின.

எனினும் பிறப்பின் அடையாளம் முற்றும் மறைந்திலது. பிளவுபட்ட குளம்பைக் குறிக்கும் 'கிளோவன்' என்னும் சொல்லும், பிளவைக் குறிக்கும் 'கிளெஃப்ட்' என்னும் சொல்லும், இறைச்சி வெட்டும் கத்தியின் பெயராகிய 'கிளீவர்' என்பதும் முன்னதன் வழிவந்தவை. கையில் ஒட்டும் களிமண்ணின் பெயராகிய 'கிளே' என்பதோ பின்னதற்கு உறவாவது. பூண்டின் பல்லுக்குரிய 'கிளோவ்' என்னும் பெயரும் பிளத்தலின்பாற்பட்டதே. ஆனால் அதே வடிவில் கிராம்பைக் குறிக்கும் சொல், ஆணி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லினின்று வந்தது. ஈண்டும் ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

இது நமக்குப் புதுமையன்று. ஆறு என்பது இன்று எண்ணையும் உணர்த்தும், நதியையும் உணர்த்தும். ஆயினும் பண்டை நூல்களில் நதியின் பெயர் யாறு எனவும், எண்ணின் பெயர் ஆறு எனவும் வழங்கின. யாடு ஆடு ஆனாற்போல, முதனின்ற யகரமெய் கெடவே, நதியும் எண்ணும் ஓருருவாயின. தெலுங்கிலோ எண் 'ஆரு' எனவும் நதி 'ஏரு' எனவும் இன்றும் வேறாகவே உள்ளன. நதிக்கும் எண்ணுக்கும் உட்பொருளுறவு கற்பிப்பார் உளராயின், அவர்க்கு யாறு என்னும் பழைய வடிவே விடையாகும்.

ஆதலின், பலபொருள் ஒருசொல் என நாம் கூறுவனவற்றுள், ஒரு சொல்லே பல பொருளாய்க் கிளைத்தனவும் உண்டு. பல சொற்கள் ஓருருவாய்க் குவிந்தனவும் உண்டு. இன்னது இன்னதென இற்றை ஒலியைக் கொண்டு துணிதல் அரிது. பழைய வடிவத்தையும் இனமொழிகளையும் நாடியே துணிதல் வேண்டும். வேற்றுமொழிச் சொல்லொன்று நம் சொல்லைப் போல் ஒலித்த அளவானே அதனைத் தமிழென முழங்கும் ஆர்வம் மாணவரிடையே உண்டு. அவ்வார்வம் மொழிப்பற்றினின்று எழுவதாயினும், பற்று ஆராய்ச்சியின் இடத்தைக் கொள்ளலாகாது. ஒத்த ஒலி உறவுக்குச் சான்றாகாது என்னும் இவ்வொன்றனை உளங்கொள்வோமாயின், பிறமொழிப் பயிற்சியும் நம் தமிழாராய்ச்சிக்குத் துணையேயாகும்.