பெரட்டுக் களத்துக்கு எந்தக் கேமரா?

அன்புள்ள மருமகனுக்கு,

பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மிச்சமிருக்கும் தொழிலாளர் லயங்களையும் அங்கே வாழும் பெரியவர்களையும் படமெடுத்துக் கண்காட்சி வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். சேர்த்த பணத்தில் ஃபுல் ஃபிரேம் கேமராவும் 24-70 லென்சும் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இந்த வேலைக்கு வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைக் கேட்டுவிட்டு நீயே முடிவெடு.

மலாயாத் தோட்டங்களின் பழைய படங்களைப் பார்த்திருப்பாய். சுமத்ராவின் மேடானில் ஸ்டூடியோ வைத்திருந்த கிளைன்குரோத என்ற ஜெர்மானியர் 1907 வாக்கில் வெளியிட்ட மலாயா ஆல்பம் பெயர்பெற்றது. கண்ணாடித் தகட்டில் எடுத்த அந்தக் காலத்துப் படங்களில் தெளிவுக்குக் குறைவே கிடையாது. ஆனால் பெட்டி கனம், முக்காலி வேண்டும், ஆட்கள் அசையாமல் நிற்க வேண்டும். அதனால் நம் ஜனங்கள் அவற்றில் பெரும்பாலும் வரிசை கட்டி நிற்கிறார்கள். லயத்து அடுப்படிக்குள் அந்தப் பெட்டி நுழைந்து, வேலை முடிந்து வந்தவள் தேநீர் ஆற்றுவதைப் பிடித்திருக்க முடியாது. யார் படத்தில் வருவார், எப்படி வருவார் என்பதில் கருவியின் கனத்துக்கும் பங்கு உண்டு.

இந்தக் கனத்தோடு மல்லுக்கட்டியவர்தான் லைட்ஸ் நிறுவனத்துப் பொறியாளர் ஆஸ்கர் பார்னாக். ஆஸ்துமாக்காரர், பெரிய கேமராவை மலையேற்றத்துக்குச் சுமக்க முடியவில்லை. சினிமா ஃபிலிமின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 36×24 மில்லிமீட்டர் படம் எடுக்கும் சிறு கேமராவை 1914இல் செய்து பார்த்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நீ கேட்கும் ஃபுல் ஃபிரேம் அதே அளவுதான். தூக்கிப்போக வேண்டும் என்பதற்காகத் தரத்தில் விட்டுக்கொடுத்துப் பிறந்த அளவு அது. இன்றைக்கு நீ அதே கணக்கை இன்னொரு படி கீழே போட்டுப் பார்க்கலாம்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் ஏறக்குறைய 367. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. ஒரே எஃப் எண்ணில் எடுத்தால், சென்சார் முழுவதும் வாங்கும் ஒளி ஏபிஎஸ்-சியில் ஒன்றேகால் ஸ்டாப் குறையும் (ஒளி பாதியானால் ஒரு ஸ்டாப்). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இரண்டு ஸ்டாப். நல்ல பகலில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் நம் பக்கம் ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ரப்பர் பால் வெட்டுபவர் அதற்கு முன்பே நெற்றி விளக்கோடு நிரைக்குள் போய்விடுவார். செம்பனை மட்டைகளுக்கு அடியில் நடுப்பகலிலும் இருட்டு, இடைவெளியில் கண்கூசும் வெயில். மாரியம்மன் திருவிழாவில் தீமிதி இரவில் நடந்தால் சொல்லவே வேண்டாம். சின்ன சென்சார் திணறும் இடங்கள் இவை.

இங்கேதான் லென்ஸ் கைகொடுக்கிறது. 24-70 எஃப் 2.8 லென்ஸ் மட்டுமே 700 முதல் 900 கிராம். கேமராவோடு சேர்த்தால் ஒன்றரை கிலோவை நெருங்கும். அதற்குப் பதில் ஃபியூஜி எக்ஸ்-டி30 போன்ற 380 கிராம் ஏபிஎஸ்-சி கேமராவில் 180 கிராம் எடையுள்ள 23 எம்எம் எஃப் 2 லென்சைப் போடு. மொத்தம் 560 கிராம். எஃப் 2இல் அது வாங்கும் மொத்த ஒளி, ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய எஃப் 3இல் வாங்குவதற்குச் சமம். உன் பெரிய லென்சைவிடக் கால் ஸ்டாப்தான் குறைவு. நீ இழப்பது ஜூம். லயத்து வாசலில் அதற்கு இரண்டடி முன்னே போனால் போதும். தீமிதியில் கயிற்றுக்கு வெளியே நிற்கும்போது அந்தக் குறை தெரியும்.

படத்தின் அளவையும் பார். 24 மெகாபிக்சல் என்றால் 6000×4000. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். ஏ3 தாளுக்குத் தாராளம். சுவர் அளவுக்குப் பெரிதாக்கவோ, முக்காலி போட்டு நிலக்காட்சி எடுக்கவோ போகிறாய் என்றால் ஃபுல் ஃபிரேமே வாங்கு, தடுக்க மாட்டேன். கைத்தொலைபேசியை இடம் பார்த்து வர மட்டும் வைத்துக்கொள். இருட்டில் அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும். அசையும் கையும் உளியும் அதில் கலங்கிவிடலாம்.

கனம் என்பது தோள்வலி மட்டுமல்ல. செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவன் நீ. திடீரென்று மழை பிடித்தால் சின்னக் கேமராவைச் சட்டைக்குள் நுழைத்துக்கொள்ளலாம். நம் ஊர் ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வை. இது எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்; ஒரே லென்ஸ் என்றால் ஒரு சின்ன டப்பா போதும்.

இன்னொன்று, மனிதர்கள். பெரிய லென்சோடு வருகிறவனைப் பார்த்தால் பத்திரிகைக்காரனா, அரசாங்க ஆளா என்ற சந்தேகம் வரும். ஜெராம் பாடாங்கோ கெடிஸோ, எந்தத் தோட்டமானாலும் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கு. லயத்துப் பெரியவர்களிடம் தனியாகக் கேள். பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, இன்று குலை அறுப்பவர் வெளிநாட்டுத் தொழிலாளர். அவர்களையும் விட்டுவிடாதே, தோட்டத்தின் கதையில் அவர்களும் உண்டு.

வாங்குமுன் இரண்டு வகையையும் வாடகைக்கு எடு. ஒரே நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து பால் நிறுக்கும் நேரம்வரை இரண்டிலும் எடுத்து, ஏ3இல் அச்சிட்டு, எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் உன் அம்மாவிடம் காட்டு. அவளால் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் சின்னதை வாங்கு. மிச்சமாகும் பணத்தில், நீ படமெடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடு.

அன்புடன்,
மாமா