கொம்புக்காக ஒரு வேட்டை: கணக்கு எங்கே தவறியது?

துவாசில் வெட்டவெளியில் வேலை பார்ப்பவர்களுக்கு நண்பகல் வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “உடம்பு சூடாகிவிட்டது” என்று நாம் சொல்வதைப் போலவே சீன நண்பர்களும் சொல்வார்கள். நாம் மோரையும் இளநீரையும் வெந்தயத்தையும் தேடுவோம். அவர்களில் சிலர் மருந்துக்கடையில் ‘லிங்யாங்’ கேட்பார்கள். அது மத்திய ஆசியப் புல்வெளிகளில் வாழும் சைகா என்னும் இரலையின் கொம்பு.

சிங்கப்பூரில் 2,294 சீனர்களிடம் நேரில் கேட்டு எடுக்கப்பட்ட ஓர் ஆய்வு 2019ல் வெளியானது. காய்ச்சலுக்கோ உடல்சூட்டுக்கோ தாங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது சைகா கொம்பே என்று 19 விழுக்காட்டினர் கூறினர். அந்தக் கொம்புக்காக நடந்த வேட்டையில் நம் பாடத்துக்கு உதவும் உயிரியல் நிறைய உண்டு.

மான் வேறு, இரலை வேறு

சென்னை கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போனால் புள்ளிமானையும் வெளிமானையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். புள்ளிமான் உண்மையான மான். அதன் கொம்பு முழுக்க எலும்பு. கிளைகள் விட்டு வளரும். குறிப்பிட்ட காலத்தில் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமான், பெயரில் மான் என்றிருந்தாலும், இரலை வகையைச் சேர்ந்தது. அதன் கொம்பின் நடுவே எலும்பு, அதன்மேல் கெரட்டின் என்ற புரதத்தாலான உறை. அது கிளைக்காது, உதிராது. உங்கள் நகமும் முடியும் இதே கெரட்டின்தான்.

சைகாவும் இரலையே. காட்டில் உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பைப் பொறுக்கி எடுக்கலாம். சைகாவின் கொம்பு உதிராததால் விலங்கையே கொன்றார்கள்.

ஆண்கள் குறைந்தால் என்ன ஆகும்?

சைகாவில் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. எனவே வேட்டைக்காரர்கள் ஆண்களையே தேடிச் சுட்டார்கள். 1991ல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் காவல் தளர்ந்து, திருட்டு வேட்டை பெருகியது. ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த சைகாக்கள் 2000களின் தொடக்கத்தில் 1 லட்சத்துக்கும் கீழே போயின.

ஓர் ஆண் சைகா பல பெண்களுடன் சேரும். அப்படியானால் ஆண்கள் குறைவதால் இழப்பில்லையே என்று நினைக்கத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பெண்களுக்கு 10 ஆண்கள் இருந்தால் ஆளுக்குப் பத்து. ஒரே ஓர் ஆண் இருந்தால் நூறும் அதற்கே. இனச்சேர்க்கைக் காலமோ குளிர்காலத்தில் சில வாரங்கள்தான்.

ரஷ்யாவின் கால்மிக்கியா பகுதியில் இதுதான் நடந்தது. வளர்ந்த ஆண்கள் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக்குக் குறைந்தபோது, கருவுறும் பெண்களின் எண்ணிக்கை சரிந்தது. மூத்த பெண்கள் எஞ்சிய ஆணைச் சூழ்ந்துகொண்டு இளையவற்றை விரட்டியதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். குட்டி பிறக்காததால், சுடப்படாத பெண்கள் இருந்தும் இனம் பெருகவில்லை.

நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உரிமம் பெற்று இரலை வேட்டையாடுவது சட்டப்படி நடக்கிறது. அங்கே ஜெம்ஸ்பாக் இரலையில் இரு பாலுக்கும் கொம்பு உண்டு. கூடு இரலையில் ஆணுக்கு மட்டுமே. ஆகவே எந்த வேட்டையிலும் “எத்தனை?” என்பதோடு “எந்தப் பால், எந்த வயது?” என்றும் கேட்க வேண்டும்.

சரிவும் மீட்சியும்

2015 மே மாதம் கஜகஸ்தானில் சில வாரங்களுக்குள் 2 லட்சத்துக்கும் அதிகமான சைகாக்கள் மடிந்தன. வழக்கமாகத் தொந்தரவின்றி அவற்றின் உடலில் வாழும் ஒரு பாக்டீரியா, அந்த ஆண்டின் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒட்டிக் கொல்லும் நோயாக மாறியது. வேட்டையால் ஏற்கெனவே சுருங்கிய ஓர் இனத்தை இத்தகைய நோய் ஒரே அடியில் துடைத்துவிட முடியும்.

ஆயினும் சைகா மீண்டது. பெண் சைகா முதல் வயதிலேயே கருவுறும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். கஜகஸ்தான் காவலை இறுக்கியது. காட்டுச் சைகாவின் கொம்பை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய 2019ல் உலக நாடுகள் தடை விதித்தன. 2022ல் கஜகஸ்தானில் 13 லட்சம் சைகாக்கள் எண்ணப்பட்டன. மிக அருகிய இனம் என்ற பட்டியலிலிருந்து 2023ல் அது விடுபட்டது.

உடல்சூட்டுக்கு என்ன வழி? வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. அதற்குத் தண்ணீரும் நிழலும் ஓய்வும் வேண்டும். வெப்ப அழுத்தத்தைக் காட்டும் டபிள்யூபிஜிடி அளவு 32 பாகையை எட்டினால், கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது 2023 அக்டோபர் முதல் இங்குள்ள விதி. அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், உடன் வேலை செய்பவருக்கும் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: கிண்டிப் பூங்காவின் ஆண் புள்ளிமான், ஆண் வெளிமான் படங்களைத் தேடி, இரண்டின் கொம்புகளையும் வரையுங்கள். எது உதிரும், எது உதிராது? காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்.